சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை இரண்டு முறை கெட்டுப்போனது: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

மேக்கன்வாசி (மேக்கன், ஜார்ஜியா)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஜார்ஜியாவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். நாங்கள் குடிவந்த முதல் நவம்பரில், பெட்டிகளைக்கூடப் பிரித்து முடிக்காத நேரத்தில், துணி போட்டு மூடிய ஒரு தட்டோடு வந்து கதவைத் தட்டினார். உள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை (pie), அதாவது அடியில் மாவு விரித்து, மேலே பூரணம் ஊற்றி ஓவனில் சுடுகிற இனிப்பு. அதிலிருந்து நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்துவிடும்.

இந்த வருடம் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால் நான் செய்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இறங்கினேன். அவரிடமே கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார்தான். ஆனால் சொல்லாமல் கொண்டுபோய் நிற்க ஆசை.

முதல் தடவை கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, குக்கரில் இரண்டு விசில் விட்டு மசித்தேன். பூரணம் தண்ணீர் விட்டுக்கொண்டது. வாயில் நார் நாராகச் சிக்கியது. அடி மாவு நனைந்த அப்பளம் மாதிரி தொங்கியது. இரண்டாவது தடவை தண்ணீர் வற்றட்டும் என்று ஒரு மணி இருபது நிமிடம் ஓவனில் விட்டேன். மேலே சித்திரை மாதத்துக் குளம் போல வெடித்துவிட்டது.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

---

பழைய ஓவன் (ராலே, வட கரோலினா)

தங்கச்சி, முதலில் குக்கரை உள்ளே எடுத்து வை. உன் தொல்லையில் பாதி அதில்தான் இருக்கிறது.

நான் இந்த ஊரில் 22 வருடமாக இருக்கிறேன். அமெரிக்காவில் சர்க்கரைவள்ளி மிக அதிகமாக விளைவது எங்கள் வட கரோலினாவில்தான். இங்கே பை செய்கிற பெண்கள் பலரும் கிழங்கை வேகவைப்பதில்லை, தோலோடு முழுசாகச் சுடுகிறார்கள். கழுவித் துடைத்து, முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, தட்டில் அடுக்கி 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். தோல் வற்றிச் சுருங்கி, குத்திய இடத்தில் கருப்பாகப் பாகு கசிந்து தட்டில் ஒட்டும். அந்தப் பாகைக் கண்டால் எடுத்துவிடலாம்.

அதற்குக் காரணம் உண்டு. கிழங்குக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிற நொதி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 57 முதல் 77 டிகிரி வரைக்கும்தான் அது நன்றாக வேலை செய்யும். குக்கரில் கிழங்கு அந்தச் சூட்டைச் சில நிமிடத்தில் தாண்டிவிடும். ஓவனில் மெதுவாக ஏறும்போது நொதிக்கு நேரம் கிடைக்கிறது, கிழங்கும் தானாக இனிக்கிறது. தண்ணீர் உள்ளே போகாமல், இருக்கிற தண்ணீரும் வற்றுவது இன்னொரு லாபம்.

நாருக்கு ஒரே வைத்தியம் சல்லடை. சூடு ஆறுவதற்குள் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கு. மேலே நிற்கிற நாரைப் பார்த்தால், இவ்வளவையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருந்தோமே என்று தோன்றும்.

9 அங்குலத் தட்டுக்கு என் அளவு: சலித்த கிழங்கு 2 கப், சர்க்கரை 1 கப், உருக்கிய வெண்ணெய் அரை ஸ்டிக் (சுமார் 57 கிராம்), முட்டை 3, எவாப்பரேட்டட் மில்க் அரை கப், ஜாதிக்காய் அரை டீஸ்பூன், பட்டைத்தூள் அரை டீஸ்பூன், வனிலா 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. எவாப்பரேட்டட் மில்க் என்பது இனிப்பில்லாத, சுண்டிய பால். பக்கத்திலேயே கன்டென்ஸ்ட் மில்க் டப்பாவும் இருக்கும், அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதே.

வெடிப்பு நேரத்தால் வந்தது. பூரணத்தைக் கட்டுவது முட்டை. அதிகம் சூடானால் முட்டை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும், மேல்பக்கம் பிளக்கும். 175 டிகிரியில் 50 நிமிடத்திலிருந்து கண் வைத்துக்கொள். ஓரம் இறுகி, நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் இளந்தயிர் போல ஆட வேண்டும். வெப்பமானி வைத்திருந்தால் நடுவில் 80 டிகிரி. எடுத்து வெளியே வைத்தால் மீதி தானாக இறுகிக்கொள்ளும். சூட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதே, அதிலும் வெடிக்கும்.

---

மேக்கன்வாசி

அக்கா, நொதி விஷயம் இப்போதுதான் தெரிகிறது. மிக்க நன்றி.

கடையில் ஒரே மாதிரி இருக்கிற கிழங்குக்கு மேல் ஒரு இடத்தில் 'யாம்' என்றும் இன்னொரு இடத்தில் 'ஸ்வீட் பொட்டேட்டோ' என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் வேறு வேறா? அடி மாவு நனையாமல் இருக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.

---

பெக்கான்தோப்பு (லஃபாயெட், லூசியானா)

இரண்டும் ஒன்றுதான் தங்கச்சி. உண்மையான யாம் நம் ஊர் வள்ளிக்கிழங்குக் குடும்பம், முரட்டுத் தோலும் வெள்ளைச் சதையுமாக இருக்கும். இங்கே 1930களில் லூசியானா விவசாயிகள் தங்களுடைய ஆரஞ்சு நிறக் கிழங்கை மற்ற மாநிலங்களின் வெளிறிய கிழங்கிலிருந்து பிரித்துக் காட்ட 'யாம்' என்று பெயர் போட்டு விற்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் தங்கள் ஊர்க் கிழங்கின் பெயரால் இதை முன்பிருந்தே அழைத்து வந்தார்கள். அந்த வழக்கம் விற்பனைக்கு உதவியது.

வாங்கும்போது 'போரெகார்ட்' ரகம் கிடைக்குமா என்று பார். 1987-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நன்றாக ஆரஞ்சு நிறம், நார் குறைவு. ரொம்பப் பெரிய கிழங்கை எடுக்காதே, நடுத்தரமாக, இரண்டு பக்கமும் கூம்பியதாக எடு.

---

கோவைச் சமையலறை (கோயம்புத்தூர்)

நான் இந்தியாவிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவைப் பார்த்ததில்லை, ஆனால் அமெரிக்கத் தெற்கத்திப் பலகாரங்களை இரண்டு வருடமாக வீட்டு ஓடிஜியில் செய்து பார்த்து வருகிறேன். என்னைப்போல் இங்கிருந்து செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

செஸ் பை என்று ஒன்று இருக்கிறது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் வினிகர், ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சோள மாவு, அவ்வளவுதான். பழமும் பருப்பும் இல்லாத நாளில், வீட்டில் இருப்பதை வைத்தே செய்கிற இனிப்பு. நான் கார்ன்ஃப்ளோர் பாக்கெட்டை எடுத்துப் போட்டேன். மேலே மெல்லிசாகப் பொறுபொறுவென்று ஒரு ஏடு படிய வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு அது வரவில்லை, உள்ளே கஞ்சி மாதிரி வழவழப்பு. மூன்றாவது தடவைதான் புரிந்தது. நம் கடைகளில் கார்ன்ஃப்ளோர் என்று விற்பது வெறும் மாவுச்சத்து, அவர்கள் அதை கார்ன்ஸ்டார்ச் என்கிறார்கள். அவர்கள் கேட்பது 'கார்ன்மீல்', அதாவது மக்காச்சோளத்தை அரைத்த மெல்லிய ரவை. ரவையை வாங்கி மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுப் போட்டேன். ஏடு படிந்தது. கத்தி வைத்ததும் மெல்லிய சத்தத்தோடு உடைந்தது. அன்று எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பழைய ஓவன் அக்கா, என்னுடைய சந்தேகம் மாவில். நம் மைதாவில் கேக் வருகிறது, பை மாவும் வருகிறது, ஆனால் பீச் காப்ளரில் பழத்தின் மேல் போட்டுச் சுடுகிற பிஸ்கட் (நம் பிஸ்கட் அல்ல, மெத்தென்று உப்பும் ரொட்டி) மட்டும் கல்லாகிவிடுகிறது.

---

பழைய ஓவன்

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இரண்டும் மாவு சம்பந்தப்பட்டதுதான்.

அமெரிக்கத் தெற்கில் பாரம்பரியமாக விளைந்தது குளிர்காலத்து மென்கோதுமை. புரதம் குறைவு. ரொட்டிக்கு ஆகாது, ஆனால் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் அதை அடிக்க வேறு மாவு கிடையாது. டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883-ல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவை இங்கே பாட்டிமார் விடாமல் வாங்குவது இதனால்தான். கோவைத் தங்கச்சி, உன் மைதா பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எத்தனை என்று பார். 10-க்கு மேல் இருந்தால் ஒரு கப்பில் இரண்டு மேசைக்கரண்டி மாவை எடுத்துவிட்டு, அதே அளவு உன் கார்ன்ஃப்ளோரைப் போட்டுச் சலித்துக்கொள். அங்கே அது சரியான சரக்கு.

மோரும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் சொல்லும் பட்டர்மில்க் நம் நீர்மோர் அல்ல. புளிக்க வைத்த கெட்டிப் பால், ஊற்றினால் கொழகொழவென்று விழும். முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் பால் கலந்தால் அந்தப் பதம் வரும். அந்தப் புளிப்பு இருந்தால்தான் சோடா உப்பு பொங்கும், பிஸ்கட்டும் எழும்பும். அப்புறம், பிசையாதே. சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை நமக்கு. மாவு ஒன்று சேர்ந்ததும் நிறுத்து, திட்டுத் திட்டாக இருந்தால் இருக்கட்டும்.

மேக்கன் தங்கச்சி, பை மாவுக்கும் அதே கை வேண்டும். மைதா ஒன்றேகால் கப், உப்பு அரை டீஸ்பூன், குளிர்ந்த வெண்ணெய் 1 ஸ்டிக் (113 கிராம்). வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டி மாவில் விரல் நுனியால் நசுக்கு. துவரம்பருப்பு அளவில் சில துண்டுகள் மிஞ்ச வேண்டும், அவைதான் ஓவனில் உருகி அடுக்கு விடும். பனிக்கட்டித் தண்ணீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி தெளித்து, ஒன்றாக அழுத்தி, ஒரு மணி நேரம் குளிரில் வை. தேய்த்துத் தட்டில் விரித்ததும் இன்னொரு அரை மணி நேரம் குளிரில் இருக்கட்டும்.

பூரணம் ஊற்றுவதற்கு முன்னால் மாவை மட்டும் சுட வேண்டும். மேலே காகிதம் விரித்து, காய்ந்த ராஜ்மா கொட்டி, 200 டிகிரியில் 15 நிமிடம். பிறகு ராஜ்மாவையும் காகிதத்தையும் எடுத்துவிட்டு இன்னும் 8 நிமிடம், அடி வெளுப்பு மாறி மங்கலாகக் காய்ந்து தெரியும் வரை. ஓவன் சூடாகும்போதே உள்ளே ஒரு கனத்த தட்டைப் போட்டு வை, பையை அதன் மேல் வைத்துச் சுடு. அடிச்சூடு நேராக ஏறும். இத்தனையும் செய்தால் அடி நனையாது.

---

யாழ்ப்பனை (ஹூஸ்டன், டெக்சாஸ்)

எங்கட வீட்டில் இதை வத்தாளங்கிழங்கு என்போம். நான் பல வருடமாகச் சர்க்கரைக்குப் பதில் பனங்கட்டி, எவாப்பரேட்டட் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், பட்டைக்குப் பதில் ஏலக்காய் போட்டுத்தான் செய்கிறேன். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். தங்கச்சி, ஒருமுறை அப்படியும் செய்து பாருங்கோ. உங்களுடைய கைமணமும் அதில் இருக்கும்தானே.

---

ஏட்டுச்சுவடி (மான்ட்கோமரி, அலபாமா)

யாழ்ப்பனை அக்கா சொல்வது சுவையாகத்தான் இருக்கும், நானே செய்து பார்க்கப் போகிறேன். ஆனால் இந்தப் பாட்டிக்குக் கொண்டுபோகிற பையில் அது வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பை யாருடைய கையில் வளர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோட்ட முதலாளிகளின் சமையலறையில் அடிமைகளாக நின்ற கறுப்பினப் பெண்கள்தான் இதைப் பழக்கத்தில் வைத்திருந்தவர்கள். தென் கரோலினாவில் பிறந்த அபி ஃபிஷர் அவர்களில் ஒருவர். விடுதலைக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ போய் ஊறுகாயும் பதார்த்தங்களும் செய்து பெயர் வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுத, 1881-ல் அவருடைய சமையல் புத்தகம் அச்சானது. அதில் சர்க்கரைவள்ளி பை இருக்கிறது. ஓர் ஆரஞ்சின் சாறும் பாதித் தோலின் துருவலும் போடச் சொல்கிறார், மாவு அடியில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறார்.

நான் இருக்கிற மான்ட்கோமரியில் 1955 டிசம்பரில், பேருந்தில் கறுப்பின மக்களைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நடந்தது. வேலைக்குப் போகிறவர்களைக் கார்களில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், பெட்ரோலுக்குக் காசு வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி தோழிகளைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடு, கேக், பை எல்லாம் செய்து விற்று, அந்தக் காசைக் கூட்டங்களில் கொண்டுபோய்க் கொடுத்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலை போகும். அதனால் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராத சங்கம்' (Club from Nowhere) என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம் இல்லையா?

அந்தப் பாட்டி யார், என்ன குடும்பம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கைமுறிந்து கிடக்கிறவருக்குத் தன் வீட்டு ருசியே வரவேண்டும். நம் அம்மாவுக்கு உடம்பு முடியாத நாளில் ஒருவர் ரசம் வைத்துக் கொண்டுவந்து, அதில் வேறு ஊர் மசாலா போட்டிருந்தால் அம்மா குடிப்பாள், நன்றியும் சொல்வாள். ஆனால் அவள் எதிர்பார்த்த வாசனை அதுவாக இருக்காது.

---

யாழ்ப்பனை

தம்பி சொன்னது எனக்குப் பிடித்திருக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அபி ஃபிஷர் போட்ட ஆரஞ்சை இன்றைக்கு எத்தனை வீட்டில் போடுகினம்? கைக்குக் கை மாறித்தானே இது இன்றைக்கு வரைக்கும் வந்திருக்கு. ஏலக்காய் போடுவது மரியாதைக் குறைவு இல்லை.

---

ஏட்டுச்சுவடி

மரியாதைக் குறைவு என்று நான் சொல்லவே இல்லை அக்கா. உங்கள் வீட்டில் அது உங்கள் பலகாரம், அதில் யாருக்கும் கேள்வி இல்லை. இந்த ஒரு பை அந்தப் பாட்டிக்காக. அவ்வளவுதான் என் வாதம். தேங்காய்ப்பால் பையை அடுத்த மாதம் அவருக்கே கொடுத்து ருசி கேட்கலாம்.

---

யாழ்ப்பனை

அது சரி. அப்படியே செய்யட்டும்.

---

கோவைச் சமையலறை

பழைய ஓவன் அக்கா, தயிர்க் கலவையில் பிஸ்கட் பொங்கி வந்துவிட்டது! இங்கே பீச் கிடைக்கவில்லை, மாம்பழத்தில் காப்ளர் செய்தேன்.

இன்னொரு சின்னக் கேள்வி. ஹம்மிங்பேர்ட் கேக்குக்கு ஏன் வெண்ணெய் போடாமல் எண்ணெய் போடச் சொல்கிறார்கள்?

---

பழைய ஓவன்

அதில் கனிந்த வாழைப்பழமும் அன்னாசியும் இருக்கின்றன. எண்ணெய் போட்டால் குளிரில் வைத்தாலும் கேக் இறுகாது, மேலே பூசுவது க்ரீம் சீஸ் என்பதால் குளிரில் வைத்தே ஆக வேண்டும். அது ஜமைக்காவிலிருந்து வந்த கேக். அங்கே தேசியப் பறவையான ஹம்மிங்பேர்டை 'டாக்டர் பேர்ட்' என்பார்கள், கேக்குக்கும் முதலில் அந்தப் பெயர்தான். எங்கள் மாநிலத்து கிரீன்ஸ்போரோவிலிருந்து ஒரு வாசகி எழுதி அனுப்ப, 1978-ல் சதர்ன் லிவிங் பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகுதான் தெற்கு முழுக்கப் பரவியது.

கேக் வெந்ததா என்று பார்க்கக் குச்சி குத்துவதோடு காதையும் வைத்துப் பார். வர்ஜீனியாவில் பிறந்த எட்னா லூயிஸ் என்ற பெரிய சமையல்காரர் கேக்கின் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்வாராம். வேகாத கேக்கில் குமிழ் உடைகிற சத்தம் நிறைய வரும். வெந்துவிட்டால் அடங்கி, மெலிதாக அங்கங்கே கேட்கும். நான் முதலில் நம்பவில்லை. ஒருநாள் அடுக்களையில் யாரும் இல்லாத நேரத்தில் பவுண்ட் கேக்கை வெளியே எடுத்துக் காதை அருகில் கொண்டுபோனேன். தோசைக் கல்லில் மாவு ஊற்றி மூடி வைத்தால் ஒரு ஓசை வருமே, அதே ஓசை. இன்னும் ஐந்து நிமிடம் வைத்தேன், அடங்கிவிட்டது.

---

மேக்கன்வாசி

நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சுட்ட கிழங்கு, சல்லடை, ராஜ்மா, அடியில் கனத்தட்டு, எல்லாம் அக்கா சொன்னபடி. ஏலக்காய் போடவில்லை. ஜாதிக்காயை மட்டும் முழுசாக வாங்கித் துருவினேன். 54-ஆவது நிமிடத்தில் நடுவில் 80 டிகிரி காட்டியது, எடுத்துவிட்டேன். வெடிப்பே இல்லை.

பாட்டி இடது கையால் தானே ஒரு துண்டு வெட்டினார். வாயில் வைக்கவில்லை. முதலில் துண்டைத் தூக்கி அடியைப் பார்த்தார், முள்கரண்டியால் இரண்டு முறை தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்புறம்தான் சாப்பிட்டார். கிழங்கைச் சுட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை, முழுத் துண்டையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு இன்னொரு துண்டைக் காகிதத்தில் சுற்றி, நாளைக் காலை காப்பிக்கு என்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, அவர் அம்மா எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன் விடுவார், அடுத்த முறை விட்டுப் பார் என்றார். அப்படியே வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரத்தில் விழுந்த பெக்கான் கொட்டைகளை ஒரு துணிப்பை நிறையக் கொடுத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் பெக்கான் பை செய்ய வேண்டும். எல்லாச் செய்முறையிலும் கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு) என்று இருக்கிறது, வேறு வழி உண்டா?

---

பெக்கான்தோப்பு

படிக்கச் சந்தோஷமாக இருந்தது தங்கச்சி.

கார்ன் சிரப் பிறகு வந்தது. கேரோ என்ற பெயர்பெற்ற கார்ன் சிரப் விற்பனைக்கு வந்ததே 1902-ல்தான். அதற்குப் பதில் கரும்புப் பாகில் செய்யலாம். எங்கள் பக்கத்து ஊர் அபேவில்லில் 1910-லிருந்து கரும்புச்சாற்றைக் காய்ச்சி மஞ்சள் டப்பாவில் விற்கிறார்கள், ஸ்டீன்ஸ் என்று கேள். நம் ஊர் வெல்லப்பாகை நினைவுபடுத்தும்.

பெக்கானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா சேலத்தில் மாந்தோப்பு வைத்திருந்தவர். கொட்டை போட்டு முளைத்த மா, தாய்மரம் போலக் காய்க்காது, ஒட்டுக் கட்டினால்தான் அதே பழம் வரும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பெக்கானும் அப்படித்தான். 1840களில் இங்கே ஓக் அலி தோட்டத்தில் அடிமையாக இருந்த ஆன்டுவான் என்ற தோட்டக்காரர் முதல்முறையாக அதை வெற்றிகரமாக ஒட்டுக் கட்டினார். பதினாறு மரங்கள். ஓடு மெல்லிசான அந்த ரகம் 1876-ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் பரிசு வாங்கியது. ஆன்டுவானுடைய முழுப்பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. எங்கள் தெருவில் பெக்கான் பொறுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அளவு குறித்துக்கொள்: கரும்புப் பாகு 1 கப், பழுப்புச் சர்க்கரை அரை கப், முட்டை 3, உருக்கிய வெண்ணெய் 4 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், வனிலா 1 டீஸ்பூன், பெக்கான் ஒன்றரை கப். பருப்பை முதலில் வெறும் தட்டில் 8 நிமிடம் வறுத்துக்கொள். 175 டிகிரி ஓவன். ஓரம் முன்னாலேயே சிவந்தால் மேலே தகடு மூடு. இதற்கு 80 போதாது, நடுவில் 93 டிகிரி வர வேண்டும். எடுத்த பிறகு நாலு மணி நேரம் கத்தி படக் கூடாது, பட்டால் பாகு ஓடிவிடும்.

---

மேக்கன்வாசி

குறித்துக்கொண்டேன் அண்ணா. பருப்பு உடைக்க இன்று மாலை பாட்டி வீட்டுக்கே போகிறேன், உடைக்கிற கருவி அவரிடம் இருக்கிறதாம்.